பல்லக்காவின் புதுப் பெட்டி

பல்லக்கா என்பது லேபில் அவளுக்கு விழுந்த பெயர். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சுகளுக்குச் செயற்கைப் பல் செட் செய்துகொடுக்கிற லேப் அது. அங்கே வேலை பார்க்கிறவர்களில் அவள்தான் மூத்தவள், ஆகவே பல் அக்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டு இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டன. செய்து முடித்த செட்டுகளை எடுத்துப்போக வருகிற பார்சல்காரருக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். "பல்லக்கா இன்னைக்கு நடந்து வந்தாங்களா, நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்களா?" என்று வாசலில் நின்று கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நாலு பேர் தூக்கினால் அது பல்லக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லையே என்று அவளுக்குத் தோன்றும். சொல்லமாட்டாள். "எண்ணிப் பாத்து எடுத்துட்டுப் போங்க" என்பாள்.

வேலை நுணுக்கமானது. பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசை சேர்க்க வேண்டும். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஈறு நிறத்தில் அக்ரிலிக்கை அடைத்து வேகவைத்து, இறுகியதும் ராவி மெருகேற்ற வேண்டும். ராவுகிற அந்தச் சின்ன மெஷினின் சத்தம் பல் டாக்டரிடம் போன எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்கிறாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் காதுக்குள் மெல்லிய கோடு மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் அதற்கு மருந்து இருந்தது. ஹாலில் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நடுவில் தாழ்வான ஒரு மேஜையில் ஆம்ப்ளிஃபயர். அதன்மேல் ஸ்ட்ரீமர், அதாவது இன்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற தட்டையான கறுப்புப் பெட்டி. எல்லாம் அவள் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டியது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டிடத்தின் உச்சியில் ஒரு பல்சக்கரம் கரகரக்கிறது என்று கீழே நின்று சொல்லிவிடுகிற காது அவருக்கு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு காலைநேரம் அவர் ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார். அவருக்கு வேறொருத்தியுடன் பழக்கம் இருந்தது, அது பல்லக்காவுக்கும் ஒருமாதிரி தெரிந்திருந்தது.

"இனிமே நான் வரமாட்டேன்னு நினைக்கிறேன்" என்றார்.

"நினைக்கிறீங்களா, வரமாட்டீங்களா?"

"வரமாட்டேன்."

"சரி. சாவியை வெச்சிட்டுப் போங்க."

சாவியை ஸ்பீக்கர்மேல் வைத்துவிட்டுப் போனார். அவள் அன்றைக்கும் லேபுக்குப் போனாள். ஒரு வயசானவருக்குக் கீழ்வரிசை முழுக்க நட்டு முடித்தாள். அவள் எப்போது அழப்போகிறாள் என்று அவளுடைய சொந்த அக்காவும் அக்கா பிள்ளைகளும் கொஞ்ச காலம் ஒரு கண் வைத்திருந்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பல்லக்காவும் காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பல்லைப் பிடுங்க ஊசி போட்டால் உதடு தடித்து யாருடையதோ போலக் கிடக்கும், கொஞ்ச நேரத்தில் உணர்வு வந்துவிடும். இவளுக்கு அது வரவே இல்லை. சாயங்காலம் வந்தால் பெட்டியைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவாள். ஒரு பழைய பாடகியின் பாட்டு ஓடும். முடிந்ததும் எழுந்து சாப்பிடுவாள். இப்படியே வருஷங்கள் போயின.

அந்தப் பெட்டி ஒருநாள் பாட மறுத்தது. முன்பக்க விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் கோளாறு இல்லை, இந்த மாடலுக்கு இனிமேல் அப்டேட் வராது, அதனால் பாட்டு வராது என்று கடையில் சொன்னார்கள். கடைக்காரர் இதமாகப் பேசுகிறவர். சாவு வீட்டில் சொல்வதைப் போல, "நல்லா உழைச்சிருக்கு மேடம்" என்றார். அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்று புதுப் பெட்டி ஒன்றைக் காட்டினார். அவள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மாட்டுவதில் சிரமம் இருக்கவில்லை. சிவப்பு வயர் சிவப்பில், வெள்ளை வெள்ளையில், பிறகு அடாப்டர், போனில் நாலு கேள்விக்குப் பதில். வழக்கமான பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடகி 'ச' என்று சொல்கிற இடமெல்லாம் கண்ணாடியில் ஆணியால் கீறுவது போல இருந்தது. வயலின் ஏறும்போது கடைவாய்ப் பல் கூசியது. எல்லாம் சேர்ந்து உச்சத்துக்குப் போன இடத்தில் சத்தம் நொறுங்கியது, தகரத்தைக் கசக்குவது மாதிரி. பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். அந்தப் பாட்டை அவள் பாதியில் நிறுத்தியதே இல்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"புதுச் செருப்பு கடிக்குதுல்ல மேடம், அந்த மாதிரிதான். கொஞ்ச நாள் ஓடவிடுங்க, பழகிடும்."

"செருப்பு பழகுமா, கால் பழகுமா?"

"ரெண்டும்தான் மேடம்."

ஓடவிட்டாள். லேபுக்குப் போகும்போது சத்தத்தைக் குறைத்துப் பாடவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் மறித்தார். "உங்க வீட்டுல யாராவது வந்திருக்காங்களா? பகலெல்லாம் ஆள் சத்தம் கேக்குது."

"யாரும் வரல. பெட்டி பழகிட்டிருக்கு."

அந்த அம்மா மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பெட்டி பழகவில்லை. அவள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். லேபில் ஒரு செட் வாயில் உட்காராமல் ஆடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ராவக் கூடாது. எந்தப் பக்கம் குற்றம் என்று கடைசிவரை தெரியாமல் போய்விடும். ஒரு சாயங்காலம் வயர்களை இடம் மாற்றினாள். குத்தல் அப்படியே இருந்தது. இன்னொரு நாள் வயரையே புதிதாக வாங்கி மாட்டினாள். ரூட்டரை ஹாலிலிருந்து படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். அடாப்டரைத் தனி பிளக்கில் செருகினாள். ஸ்பீக்கர் இரண்டையும் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினாள். குத்தல் சற்றுத் தள்ளிப் போனது, ஆனால் இப்போது பாடகியும் தள்ளிப் போய்ப் பக்கத்து அறையில் நின்று பாடினாள். திருப்பி வைத்தாள். போனில் பெட்டிக்கான ஆப்பைத் திறந்து, பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமப்படுத்துகிற வசதி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அணைத்தாள். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

கடைக்காரர் ஒரு சாயங்காலம் நேரிலேயே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு மேடம். ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா தெரியுது பாருங்க. இதுக்குத்தானே காசு."

"தனித்தனியா குத்துது."

"அது வந்து..." கடைக்காரர் தயங்கினார். "ஒரு வயசுக்கு மேல நம்ம காதும் கொஞ்சம்..."

"குத்துதுன்னு சொல்றதே காதுதானே. கெட்டுப்போன காது ஏன் சொல்லப்போகுது?"

கடைக்காரர் நல்ல மனுஷர். வேண்டாமென்றால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவைத்தாள். யோசித்தும் பார்த்தாள். திரும்பக் கொடுத்துவிட்டு வேறு வாங்கியிருக்கலாம், அல்லது பேசாமல் விட்டுவிட்டு டிவி பார்க்கலாம். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே கை துறுதுறுவென்றது, இன்றைக்கு எதை மாற்றிப் பார்ப்பது என்று. இத்தனை நாளில் தன்னை எதுவும் இப்படித் தொந்தரவு செய்ததில்லை என்பதை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

கடைசியில் வழி சொன்னது அவள் அக்காதான். அக்கா தினமும் போன் செய்வாள், தன் முட்டிவலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசுவாள், கடைசியில் "நீ எப்படி இருக்கே?" என்று கேட்பாள். "இருக்கேன்" என்பாள் இவள். அன்றைக்கு "இருக்கேன்"-க்குப் பதிலாகப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். வயர், அடாப்டர், ரூட்டர் எல்லாம் சொன்னாள். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "இவ்வளவு நீளமா நீ பேசி நான் கேட்டதில்ல" என்றாள். பிறகு, "அவரையே கேளேன். எல்லாத்தையும் மாட்டினது அவர்தானே."

"எவரை?"

"உன் வீட்டுக்காரரைத்தான்."

"வீட்டுலதான் இல்லையே, அப்புறம் என்ன வீட்டுக்காரர்?"

"சரிம்மா, லிஃப்ட்காரரை. லிஃப்ட் ரிப்பேருன்னா லிஃப்ட்காரரைத்தானே கூப்பிடுவாங்க. அதுல என்ன மானம் போகுது?"

மானம் போவதாக அவளுக்கும் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு போன் போட்டாள். உடனே எடுத்தார். பின்னால் ஏதோ காலிக் கட்டிடத்தின் எதிரொலி.

"என்னாச்சு? அக்கா நல்லா இருக்காங்களா?" என்றார் எடுத்த எடுப்பிலேயே. அவரும் இவளும் பேச வேண்டுமென்றால் யாராவது செத்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. ஸ்பீக்கர் குத்துது."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு குரல் மாறிவிட்டது, வேலைக்குரல்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டும்."

"எப்பலேர்ந்து?"

"பழைய பெட்டி போயிடுச்சு. புதுசு மாட்டினதுலேர்ந்து."

"சத்தத்தைக் குறைச்சா குத்தல் போகுதா?"

"குறைச்சாலும் 'ச' குத்துது. எல்லா வாத்தியமும் ஒண்ணா சேர்ற இடத்துல உடையுது. அது வேற மாதிரி, தகரம் மாதிரி."

"அப்ப ரெண்டு வியாதி" என்றார். "உடையறதை முதல்ல பாப்போம். அந்த ஆம்ப்ளிஃபயர் பழசு. புதுப் பெட்டி அது தாங்காத அளவு சிக்னலைத் தள்ளுது. ஆப்ல அவுட்புட் லெவல்னு ஒண்ணு இருக்கும், தேடிப் பாரு."

தேடினாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தது. ஒரு படி குறைத்தாள். போனைத் தரையில் வைத்துவிட்டு உடைகிற இடத்தைப் போட்டாள். உடையவில்லை. எல்லா வாத்தியமும் ஏறி, நின்று, இறங்கின.

"இப்ப சரியா இருக்கு" என்று போனிலிருந்து அவர் சொன்னார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

"'ச' இன்னும் குத்துது."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு மூடுகிற சத்தம் வந்தது.

"அது புதுப் பெட்டியோட தப்பில்ல" என்றார். "பழைய பெட்டியில நான் ஒண்ணு பண்ணி வெச்சிருந்தேன்."

"என்ன பண்ணி வெச்சிருந்தீங்க?"

"மேல்சத்தத்தைக் கொஞ்சம் வெட்டியிருந்தேன். கீச்சுன்னு வர்ற பகுதியை. நீ லேப்லேர்ந்து வந்தா ஒரு டம்ளரைக் கீழ வெச்சாக்கூட முகம் சுளிப்ப. அதான்."

"எப்ப பண்ணீங்க?"

"வாங்கின புதுசுலயே."

"சொல்லவே இல்லையே."

"சொன்னா எடுக்கச் சொல்லுவ."

சொல்லியிருப்பாள், அது உண்மை. தன் காதுக்கு யாரும் சலுகை காட்ட வேண்டாம் என்றிருப்பாள்.

"வேற என்னெல்லாம் சொல்லாம பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் பெட்டியைத்தான் கேட்டாள். வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அந்தக் கேள்வி வேறு எதையோ கேட்பது மாதிரி ஆயிற்று. அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

"வேற ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில். "பெட்டியில வேற ஒண்ணுமில்ல."

எங்கே, எவ்வளவு வெட்டியிருந்தார் என்று சொன்னார். அவள் ஆப்பில் ஒலியை ஏற்றி இறக்குகிற பக்கத்தைத் திறந்து, அவர் சொன்ன அளவுக்கு விரலால் கீழே இழுத்தாள். நன்றி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பாட்டைப் போட்டாள். பழைய சத்தம் அப்படியே திரும்பி வந்திருந்தது. எதுவும் குத்தவில்லை. பாடகியின் குரல் துவைத்து மடித்த துண்டைப் போல இருந்தது. அந்தப் பாட்டு இருந்த பாட்டுத் தொகுப்பு முழுவதையும் உட்கார்ந்து கேட்டாள். ஒருவர் தன்மேல் அக்கறையாக இருந்திருக்கிறார், பிறகு போய்விட்டார், அவர் போன பிறகும் அந்த அக்கறை ஒரு பெட்டிக்குள் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இதற்கு ஏதாவது தோன்ற வேண்டுமே என்று பார்த்தாள். பசித்தது. எழுந்துபோய்ச் சாப்பிட்டாள்.

மறுநாள் லேபிலிருந்து வந்தவள் நேரே போனை எடுத்து அந்த வெட்டை நீக்கினாள். வேறு ஒன்றுக்கும் இல்லை, இத்தனை வருஷம் தனக்குக் கேட்காமல் போனது என்னவென்று பார்ப்பதற்குத்தான். இப்போது உடைசல் இல்லாததால் அந்த 'ச' மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு வரி. மறுபடி அதே வரி.

மெழுகில் நட்ட பல்லை இறுதி செய்வதற்கு முன் நோயாளியின் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். சில டாக்டர்கள் அதற்கு அவளையும் கூப்பிடுவார்கள். பஸ், ஐஸ், கிளாஸ் என்று நோயாளியைச் சொல்லச் சொல்வார்கள். மேல் முன்பல்லுக்குப் பின்னால் பற்களைத் தாங்குகிற அடித்தட்டு ஒரு மயிரிழை கனமாக இருந்தாலோ, பல் ஒரு மயிரிழை தள்ளி இருந்தாலோ, காற்று சரியான வழியில் போகாது. 'ஸ்' விசிலடிக்கும். அந்த விசிலை அவள் ஆயிரம் வாய்களில் கேட்டிருக்கிறாள். இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பாடகிக்கு மேல்செட். சரியாக உட்காராத மேல்செட்.

பல்லக்கா சிரித்தாள் என்று சொல்ல முடியாது. மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது.

அந்தப் பாடகி இளம்வயதில் பாடியதைத் தேடிப் போட்டாள். பதிவு பழசு, கரகரப்பு இருந்தது, ஆனால் 'ச' சுத்தமாக இருந்தது. சொந்தப் பல். நடுவயதுப் பாட்டு ஒன்றைப் போட்டாள். அதிலும் சொந்தப் பல்தான், ஆனால் ஒரு பக்கம் ஏதோ போயிருக்கிறது. எந்தத் தொகுப்பிலிருந்து செட் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனாள். ஒரு தொகுப்பில் விசில் மிக மோசமாக இருந்தது, அடுத்ததில் குறைந்திருந்தது. யாரோ ராவிக் கொடுத்திருக்கிறார்கள். ராவியது போதவில்லை. தன்னிடம் வந்திருந்தால் கால் மணி நேர வேலை. அடுப்பில் ஏதோ வைத்திருந்தது நினைவுக்கு வந்தபோது தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் அந்த வெட்டை அவர் சொன்ன அளவில் பாதியாக வைத்தாள். லேபிலிருந்து வந்த காதுக்கு அந்தப் பாதி தேவைப்பட்டது. கடைக்காரரிடம் பெட்டி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். "சொன்னேன்ல மேடம், பழகிடும்னு" என்றார் அவர். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே கூப்பிட்டார்.

"குத்தல் நின்னுச்சா?"

"கொஞ்சம் குத்துது."

"வந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம். பாதிதான் வெட்டியிருக்கேன்."

"பாதியா? ஏன், நான் சொன்ன அளவு..."

"அது சரியாத்தான் இருந்துச்சு. அந்தம்மாவுக்குப் பல் செட்டு."

"எந்தம்மாவுக்கு?"

"பாடறவங்களுக்கு. மேல்வரிசை. சரியா உக்காரல. விசில் வருது."

அவர் மெதுவாகச் சிரித்தார். "இத்தனை வருஷமா கேட்டோமே, தெரியலையே."

"நீங்கதான் வெட்டிட்டீங்களே."

குறையாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்க" என்றார்.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை. போகும்போதும் சொல்லவில்லை, பிறகு விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வக்கீல் ஆபீசில் சந்தித்தபோதும் சொல்லவில்லை. இப்போது எதற்குச் சொல்கிறார் என்று ஒரு கணம் யோசித்தாள். கேட்டால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

"இதுக்கெல்லாம் எதுக்கு" என்றாள்.

"சரி. மேல லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டு இருக்காங்க. போகணும்."

"போங்க. பாத்து."

அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய அவசியமும் வரவில்லை. அக்கா மட்டும் அன்றைக்கு இரண்டு தரம் போன் செய்து என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டாள். "லெவலைக் குறைக்கச் சொன்னார்" என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அந்த மோசமான தொகுப்பைப் போட்டாள், விசில் அதிகம் வருகிற அதை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வெயில் நன்றாக இருந்தது. அங்கிருந்து வார்த்தைகள் புரியவில்லை, மெட்டும் பாதிதான் வந்தது, 'ச' மட்டும் கதவைத் தாண்டித் தெளிவாக வந்துகொண்டிருந்தது. துணியை உதறிப் போட்டு, கிளிப்பை மாட்டினாள்.